துண்டுக்குள் பேசிய பேச்சு

மணப்பாறை மாட்டுச் சந்தையில் போய்ச் சின்னையன் என்று சொன்னால், எந்தச் சின்னையன் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். தரகுக்காரச் சின்னையன் என்றால் நான் ஒருவன்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. மருங்காபுரிப் பக்கம் வானம் பார்த்த காட்டில் பிறந்தேன். அடுத்தவன் மாட்டை மேய்த்தேன். அப்புறம் அடுத்தவன் மாட்டுக்கு விலை பேசினேன். அந்தப் பேச்சில் வந்ததை வைத்தே மகன் இளவரசனை இன்ஜினியர் ஆக்கினேன். இன்றைக்கு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், லிஃப்ட் வைத்த ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து காவிரிக் காற்று வாங்குகிறேன். யாருடைய சிபாரிசும் கிடையாது. எல்லாம் இந்தக் கை.

இந்தக் கை என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் தொழிலே கையில்தான் இருக்கிறது. வாங்குகிறவனும் தரகனும் கையைக் கோத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். விலை துண்டுக்குள் நடக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, விரலைப் பாதியில் பிடித்தால் அரை. சுற்றி எத்தனை பேர் நின்று எட்டிப் பார்த்தாலும் ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியாது. வாயைத் திறந்து விலை சொல்கிறவன் தரகனே இல்லை. துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்கிறவனை நாங்கள் மனிதனாகவே மதிக்க மாட்டோம். அந்த விஷயத்தில் என்மேல் ஒருவன் விரல் நீட்ட முடியாது. மாட்டுக்குக் குறை இருந்தால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுவேன். கொஞ்சம் நொண்டுகிற மாட்டை நொண்டுகிறது என்று சொல்லியே விற்றவன் நான்.

இப்படிப்பட்டவனிடம்தான் பேரன் வளவனைப் பகலெல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள்.

இளவரசனுக்குத் திருவெறும்பூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. மருமகள் தேவதர்ஷினி தில்லை நகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறாள். அவள் வீட்டில் பெண்கள் யாரும் படி தாண்டி வேலைக்குப் போனதில்லையாம். அப்பாவிடம் மல்லுக்கட்டிப் படித்து, கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குப் போய், பிள்ளை பெற்ற பிறகும் விடாமல் திரும்பிப் போனவள். அந்த விஷயத்தில் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் ஜாதகம் அவளுக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வளவனுக்கு ஒரு வயது முடிந்ததும் அவள் வேலைக்குக் கிளம்பினாள். சமையலும் துணிமணியும் என் மனைவி வீரம்மாளுக்கு, பிள்ளை எனக்கு என்று ஏற்பாடு.

"அவன்கிட்ட என்னத்த விளையாடுவீங்க? மாட்டத் தவிர உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் வீரம்மாள்.

"மாட்டையே விளையாடறேன்."

விளையாடத்தான் செய்தோம். தலையணைதான் மாடு. அதற்குக் கழுத்தில் கயிறு கட்டி, ஹாலில் ஓட்டிவந்து, நடையைப் பார்ப்போம். முதுகைத் தடவிச் சுழி தேடுவோம். வாயைப் பிளந்து பல் பார்ப்போம். ஒன்றரை வயதில் பிள்ளை, வீட்டுக்கு வருகிறவர்களின் வாயையெல்லாம் பிளக்க ஆரம்பித்துவிட்டான். எதிர் ஃப்ளாட்டில் சுப்புராமன் என்று ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர். குனிந்து கொஞ்சப் போன அவருடைய பல்செட்டையே கையோடு கழற்றிவிட்டான்.

"ஏன் சின்னையன், உங்க பேரன் எனக்கு என்ன வெல போடறான்?" என்றார் அவர், பல்லை மாட்டிக்கொண்டே.

"பல்லு விழுந்த மாட்டுக்குச் சந்தையில வெல கிடையாது ஸார். ஓட்டிட்டுப் போக ஆள் கிடைச்சா பெரிசு."

"அப்போ இவனையே ஓட்டிண்டு போகச் சொல்லுங்கோ. ஆத்துல எனக்கு யாரும் வெல போட மாட்டா."

அப்புறம்தான் துண்டு விளையாட்டு. மூன்று எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைப்பேன். துண்டை மடியில் விரிப்பேன். அவன் கை உள்ளே வரும். என் மூன்று விரல் அந்தப் பிஞ்சுக் கைக்கு அடங்காது. இரண்டு கையாலும் கட்டிப் பிடிப்பான். ஒரு பழத்தை எடுத்துவிட்டால், ஒரு விரலை விட்டுவிடுவான். இரண்டு வயது ஆகாத பிள்ளை. நான் மூன்றாம் வகுப்பில் வாங்காத அடியா, இந்தக் கணக்குக்கு? எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் கேட்பதற்கும் அதையே வைத்துக்கொண்டோம். ஒரு விரல் தண்ணீர். இரண்டு பால். மூன்று முறுக்கு. நான்கு என்றால் கீழே போய் மாடு பார்க்க வேண்டும். ஐந்தையும் பிடித்தால் தூக்க வேண்டும். அவனும் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன். பகல் முழுக்க ஒரு சத்தம் இல்லாமல் எங்கள் வியாபாரம் நடக்கும். "ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?" என்று வீரம்மாள் அடுப்படியிலிருந்து கேட்பாள்.

இந்த விளையாட்டை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பல் பார்ப்பதைச் சொன்னேன், சுழி பார்ப்பதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. துண்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லிப் பழக்கமில்லை என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. பெற்றவளுக்கே தெரியாத ஒன்று அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது. அந்த நினைப்பு எனக்கு இனித்தது.

இரண்டு வயது தாண்டியும் வளவன் பேசவில்லை. ம், ஆ என்று சத்தம் வரும். அம்மா என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை. அவனுக்கு ஆறு மாதம் இளைய குழந்தை கீழ்வீட்டில் காக்காவையும் நாயையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது. தர்ஷினி அதைப் பார்த்துவிட்டு வந்து அன்று சாப்பிடவில்லை. காது டாக்டரிடம் போனார்கள். காதில் குறை இல்லை. கண்டோன்மெண்டில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். குடும்பத்தோடு போனோம்.

அந்த அம்மா பேர் அனுபமா. சின்ன வயசுதான். வளவனைத் தரையில் உட்காரவைத்து, தானும் தரையில் உட்கார்ந்து பேசினாள்.

"பகல்ல யாருங்க பாத்துக்கறாங்க?"

"நாங்கதான்" என்றாள் வீரம்மாள்.

"ஏதாச்சும் வேணும்னா எப்படிக் கேப்பான்?"

அது எனக்கு வந்த கேள்வி. எனக்கு முன்னால் வீரம்மாள் பதில் சொல்லிவிட்டாள். "அவன் எங்கம்மா கேக்கறான்? அவங்க தாத்தாதான் எல்லாத்தையும் தானா எடுத்துக் குடுத்துடுவாரே."

அனுபமா என்னைப் பார்த்தாள். "அப்படிங்களாய்யா?"

சுவரில் ஒரு கிளிப் படம் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு, "அப்படித்தாம்மா" என்றேன்.

வீட்டில் எல்லோரும் பிள்ளையோடு நிறையப் பேசுங்கள், அவசரப்பட்டுப் பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். அவள் சொன்னது அவ்வளவுதான். ஆட்டோவில் ஏறினதும் வீரம்மாள் அதற்குத் தன் கையிலிருந்து வாலும் கொம்பும் ஒட்டவைத்தாள்.

"வீட்டுல பேசணுமாம். யாரு பேசறது? பெத்தவ காலையில போய் ராத்திரி வரா. தாய் வாயைப் பாத்துத்தானே புள்ளைக்குப் பேச்சு வரும்."

"நான் வந்ததும் பேசறேனே அத்தை" என்றாள் தர்ஷினி.

"வந்ததும் கண்ணைக் கசக்கிட்டுப் படுக்கறதுக்குப் பேரு பேசறதா?"

காவிரிப் பாலம் தாண்டும்வரை நான் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் சோற்றில், குழம்பில், துணி மடிப்பதில் எல்லாம் அந்தப் பேச்சு வந்தது. ஒரு நாள் இளவரசனும், "கொஞ்ச நாளைக்கு வேலைய விட்டுப் பாக்கலாமே தர்ஷினி. புள்ளைக்காகத்தானே" என்றான். நான் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மாமா நமக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்திருப்பாள். எத்தனை பேரிடம் அவள் வேலையைப் பெருமையாகச் சொன்னவன் நான். டம்ளரைக் கீழே வைக்காமல், இல்லாத காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி. மாசக் கடைசியில ஆஸ்பத்திரில சொல்லிடறேன்" என்றாள்.

யாருடைய தயவும் இல்லாமல் ஒரு வேலையைப் பிடித்து நிற்பது என்றால் என்ன என்று அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தவன்தான் வாயை மூடிக்கொண்டிருந்தான். பிள்ளை இன்றைக்கோ நாளைக்கோ பேசிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், நான் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று கணக்குப் போட்டேன். பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தர்ஷினி தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். வளவன் புத்தகத்தைத் தள்ளிவிட்டு அவள் கையை எடுத்து மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தான்.

"என்னடா தங்கம்? கை வேணுமா?"

மறுபடியும் மூன்று விரலைப் பிடித்து அமுக்கினான். அவள் கையைத் தட்டிக் காட்டினாள். பாட்டுப் பாடினாள். அவன் கையை உதறிவிட்டுத் தரையில் விழுந்து புரண்டான். பிள்ளை வீறிட, அவளும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எம்புள்ளைக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல மாமா" என்றாள்.

நான் எழுந்து போய் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். அழுகை உடனே நின்றது.

"எப்படி மாமா தெரிஞ்சுது?"

"அவன் முறுக்கு திங்கிற நேரம்தானேம்மா" என்றேன்.

சந்தையில் நான் சொல்லாத பொய்யை வீட்டில், அதுவும் அழுகிற பெண்ணிடம் சொன்னேன். அதன்பிறகு அவளுக்கு நேராக என்னால் உட்கார முடியவில்லை. வெளியில் போய்ச் சாயங்காலம்வரை அம்மா மண்டபப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மாசக் கடைசி; வேலையை விடுவதாக அவள் ஆஸ்பத்திரியில் சொல்லப் போகிறாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், பின்னாலேயே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

"என்ன மாமா, எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

"வேலைய விடாதம்மா."

"அதான் பேசி முடிச்சாச்சே மாமா."

"புள்ள பேசாததுக்கு நீ காரணமில்ல."

"பின்ன யாரு?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கைமேலும் பிள்ளை கைமேலும் போட்டேன். வளவன் சிரித்துக்கொண்டு அவள் கையைத் தேடி, இரண்டு கையாலும் நான்கு விரலைச் சேர்த்துப் பிடித்தான்.

"என்ன பண்றான்?"

"மாடு பாக்கப் போகணுங்கறான். நாலு விரல்னா மாடு. மூணு விரல்னா..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"எத்தனை நாளா மாமா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"நேத்து முறுக்குக்கு அழுதப்பத் தெரியும்."

"தெரியும்."

"அத்தை என்னை அவ்வளவு பேசினப்பவும் தெரியும்."

நான் தலையை ஆட்டினேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் என் வயசுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "கொறை இருந்தா மறைக்காம சொல்லித்தான் விப்பேன்னு என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க மாமா. மாட்டுக்கு மட்டும்தானா அது?" என்று கேட்டாள். பக்கத்தில் பூக் கூடையோடு நின்ற அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து என் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவள் ஆஸ்பத்திரியில் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் நேராக வந்து என்னையும் பிள்ளையையும் அனுபமாவிடம் அழைத்துப் போனாள். என்னையே எல்லாவற்றையும் சொல்லவைத்தாள். அனுபமா பாட்டில் மூடிகளைத் தரையில் வைத்துப் பார்த்தாள். நான்கு மூடி வைத்தால் நான்கு விரல். ஒன்றை எடுத்தால் மூன்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் அந்த இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்த முடியாது. அன்று பெருமை தொண்டைக்கு மேல் வரவில்லை.

"என்னாலதான் புள்ளைக்குப் பேச்சு வரலையாம்மா?" என்றேன்.

"அப்படி ஒரே காரணம்னு சொல்ல முடியாதுங்கய்யா. சில புள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும். நீங்க விளையாடினது ஒண்ணும் கெட்ட விளையாட்டு இல்ல. ஆனா வாயத் தொறக்காமலே எல்லாம் கெடச்சுதுன்னா அவன் ஏன் வாயத் தொறக்கணும்?" என்றாள். "துண்ட எடுத்துடுங்க. உங்க மூஞ்சியப் பாக்கட்டும். விரலைப் பிடிச்சா, முறுக்கு வேணுமான்னு நீங்க வாயால கேளுங்க. கேட்டுட்டு உடனே குடுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க."

ஆமாம், உன்னால்தான் என்று அவள் சொல்லியிருந்தால் தேவலை. இன்ன தப்பு, இவ்வளவு என்று ஒரு விலை சொன்னால் கொடுத்துத் தீர்த்துவிடலாம். எவ்வளவு என்னால், எவ்வளவு தானாக என்று யாருக்கும் தெரியாது. தர்ஷினிக்கு நான் செய்தது மட்டும் எனக்கு முழுசாகத் தெரியும்.

வீட்டில் வீரம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெங்காயம் நறுக்கிய கத்தியோடு அப்படியே நின்றாள். "நான் அந்தப் பொண்ணப் பேசினதெல்லாம் கேட்டுட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே" என்றாள். அப்புறம் தர்ஷினியிடம் போய், மன்னிப்பு என்ற வார்த்தை இல்லாமல் சொன்னாள்: "நீ நாளைக்கு வழக்கம்போலக் கெளம்பு. இந்த மனுஷனப் பேச வைக்கறது எம் பொறுப்பு."

நான் பேசக் கற்றுக்கொண்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். எழுபது வயசுக்கு மேல், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது பழம். மஞ்சப் பழம். உருட்டு, உருட்டு. ஓடிப்போச்சு பாரு" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். பாத்திரம் துலக்கும்போது டம்ளரில் தண்ணீர் நிரப்பி, "நெறைஞ்சிருச்சு" என்பேன். கவிழ்த்து, "காலி" என்பேன். படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். வளவனுக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. மடியில் ஏறித் துண்டைத் தேடுவான். விரலைப் பிடித்து அமுக்குவான். "முறுக்கா? முறுக்கு வேணுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அவன் என் முகத்தைப் பார்ப்பான். பேசி முடித்த வியாபாரத்தை மாற்றிப் பேசுகிறவனைச் சந்தையில் பார்ப்போமே, அந்தப் பார்வை. பிறகு தரையில் விழுந்து புரள்வான். நான் கல்லாக இருக்க வேண்டும். அவன் கேட்காமலே கொடுத்துப் பழக்கியவன் நான்தானே.

தர்ஷினி என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா. முன்பெல்லாம் வந்ததும் ஆஸ்பத்திரிக் கதை சொல்வாள். ஒரு கிழவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடியது மாதிரி. அதெல்லாம் நின்றுபோனது. நான் கேட்கவும் இல்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது.

மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம், வீரம்மாள் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில், "சாதம், வெள்ளைச் சாதம், இன்னும் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வளவன் அவள் கையைத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "வேணாம்" என்றான்.

ம் என்றும் இல்லை, ஆ என்றும் இல்லை. தெளிவாக வேணாம்.

வீரம்மாள் கையில் சோற்றோடு என்னைப் பார்த்தாள். இளவரசனுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன்.

"வைங்க போனை" என்றாள் வீரம்மாள். "அவ வரட்டும். அவதான் மொதல்ல கேக்கணும். இதுல மட்டும் உங்க வாய மூடிக்கங்க. பழக்கம்தானே உங்களுக்கு."

மூடிக்கொண்டேன். ஆனால் அந்தச் சாயங்காலம்வரை மறுபடி சொல்வானோ மாட்டானோ என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சுப்புராமன் ஸார் வந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

தர்ஷினி நனைந்துகொண்டு வந்தாள். கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். வீரம்மாள் பால் டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

"பால் குடிக்கிறியா கண்ணா?"

"வேணாம்."

டம்ளர் அப்படியே நின்றது. "என்ன சொன்ன? என்ன சொன்னடா?" என்றாள். இளவரசன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். "பிஸ்கட்?" "வேணாம்." "பந்து?" "வேணாம்." வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டினாள். தலையணை, சீப்பு, வீரம்மாளின் கரண்டி. எல்லாவற்றையும் பிள்ளை வேண்டாம் என்றான். ஒவ்வொரு வேணாமுக்கும் அவள் சிரித்தாள். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "அம்மா வேணாமா?" என்றாள். அதற்கும் வேணாம் என்றுவிட்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

இளவரசன் என் பக்கம் திரும்பினான். "ஏம்ப்பா, பகல்ல ஏதாவது சொன்னானா?"

வீரம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லப்பா. என்னைக்கும் போலத்தான் இருந்தான்" என்றேன்.

தர்ஷினி பிள்ளையின் தலைக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் பார்ப்பதே அவள் வேலை. அவளுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.